விடுதியில் படிக்கும் பிள்ளை யார் வீட்டுக் கணக்கு?

வரப்புயர:

மூன்று நாளாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி. மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். ஆனால் அவளுடைய கட்டில், புத்தக அலமாரி, பள்ளியில் வாங்கிய கோப்பைகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. அடையாள அட்டையில் எங்கள் முகவரி. கட்டணம் கட்டுவது நான். காய்ச்சல் வந்தால் அவள் கூப்பிடுவது அம்மாவை. மக்கள் தொகைக் கணக்கெடுப்பாளர் வந்து "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் "நான்கு" என்றுதான் வாயில் வரும். அலுவலகத்தில் உடன் பணிபுரிபவர், "மூன்று என்று சொல்லுங்கள், அவள் விடுதிக் கணக்கு" என்கிறார்.

எனக்கு இது ஒப்பவில்லை. நான்கு வருடம் தங்கிவிட்டுப் போகிறவளை அந்த ஊர்க்காரி என்று எழுதிவிட்டால், அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் அந்த எண்தானே நிற்கும்? அவள் படித்து முடித்துக் கிளம்பிய பிறகும் அந்த ஊர் அவள் தலையைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டிருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனைவியும் நானும் அபூர்வமாக ஒரே கட்சியில் இருக்கிறோம்.

நுண்ணெண்:

உங்கள் உடன் பணியாளர் சொன்னதுதான் சரி. கணக்கெடுப்பு கேட்பது வழக்கமான இருப்பிடத்தை. அதாவது ஆண்டின் பெரும்பாலான இரவுகள் எங்கே கழிகின்றன, எந்த ஊர்த் தண்ணீர், எந்த ஊர்ச் சாலை, எந்த ஊர் மருத்துவமனை. அடையாள அட்டை, கட்டணம், கோப்பைகள் எதற்கும் அங்கே வேலையில்லை.

ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் கணக்கெடுப்புக்காக வகுத்த பரிந்துரைகளில் இது தனியாகவே வருகிறது. உயர்கல்விக்காக வீட்டைவிட்டுப் போனவரைக் கல்விப் பருவத்தில் அவர் தங்கும் முகவரியில் எண்ண வேண்டும். அந்த முகவரி விடுதியாக இருக்கலாம், வாடகை வீடாகவும் இருக்கலாம். பள்ளிப் பிள்ளையோ உறைவிடப் பள்ளியில் இருந்தாலும் பெற்றோர் வீட்டுக் கணக்குதான். ஆக, பள்ளி இறுதித் தேர்வு முடிந்து கல்லூரியில் சேரும் இடைவெளியில், கணக்குப்படி பிள்ளை வீட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது.

இந்த விதி ஆதியிலிருந்தே இருந்ததும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் பெற்றோர் வீட்டில்தான் எண்ணப்பட்டு வந்தார்கள்; 1950 கணக்கெடுப்பில்தான் கல்லூரி ஊருக்கு மாற்றினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991 வரை வீட்டு முகவரி, 2001 முதல் படிக்கும் ஊர் முகவரி. விவரம் தெரியாமல் அந்த இரண்டு ஆண்டுகளின் அட்டவணைகளையும் அருகருகே வைத்தால், பல்கலைக்கழக ஊர்களில் இருபது வயதுக்காரர்கள் வானத்திலிருந்து கொட்டியதுபோல இருக்கும். ஒருவர் பெட்டியைக்கூடத் தூக்கியிருக்க மாட்டார். விதி மட்டும் குடிபெயர்ந்திருக்கிறது.

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். மகள் போய்விடுவாள், உண்மை. கட்டில் போகாது. அவள் காலி செய்த ஜூன் மாதத்துக்குப் பின்னால் இன்னொரு வீட்டுப் பெண் அதே கட்டிலில் படுப்பாள். ஐயாயிரம் மாணவர்கள் உள்ள ஊரில் எந்த ஆண்டு பார்த்தாலும் ஐயாயிரம் மாணவர்கள் இருப்பார்கள், முகங்கள்தான் மாறும். அந்த ஊர் குழாய் பதிப்பதும் பஸ் விடுவதும் அந்த ஐயாயிரத்துக்காக.

வரப்புயர:

கட்டில் வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடுமுறையில் அந்தக் கட்டில் காலிதானே? வருடத்தில் மூன்று மாதம் எங்கள் ஊர்த் தண்ணீரைத்தானே குடிக்கிறாள்?

தூரதேசி:

நீங்கள் கனடாவில் பிறந்திருக்க வேண்டியவர், ஐயா. அங்கே உங்கள் பக்கம்தான் தீர்ப்பு. படிப்புக்காக வேறு இடத்தில் தங்கியிருந்தாலும், ஆண்டில் எப்போதாவது பெற்றோரிடம் திரும்பி வந்து வசிக்கிற மாணவரைப் பெற்றோர் வீட்டில்தான் எழுதுகிறார்கள்.

அதற்குக் காலண்டரும் துணை. கனடாவின் கணக்கெடுப்பு நாள் மே மாதத்தில் வருகிறது. 2021இல் மே 11. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் ஏப்ரலோடு முடிந்துவிடும். மாணவன் மூட்டை கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்பான். அமெரிக்காவின் நாள் ஏப்ரல் 1, பருவத்தின் நடுவில். பக்கத்துப் பக்கத்து நாடுகள், எல்லையின் இரு புறமும் ஒரே மாதிரி மாணவன், இரண்டு விதமான பதில். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால் இரண்டுமே தவறில்லை என்பதுதான். நாட்டுக்குள் எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்றினால் மொத்தத்தில் பிழை வராது. பாதிப் பேர் ஒன்றையும் பாதிப் பேர் மற்றதையும் பிடித்துக்கொண்டால்தான் சங்கடம்.

எதிர்வாதி:

விதியைப் பற்றி இவ்வளவு பக்குவமாகப் பேசுகிறீர்கள். கொஞ்சம் அரசியலும் பேசுவோமே. தலைக்கணக்கில் தொகுதி இருக்கிறது, நிதி இருக்கிறது. பெற்றோர் ஊர்கள் சும்மா இருந்தனவா என்றால் இல்லை. 1971இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் பெதல் பார்க் என்ற ஊர் தொடுத்த வழக்கு தீர்ப்பானது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளை, படிக்கப் போன இடத்தில் ஏன் எண்ணுகிறீர்கள் என்பதும் அதில் ஒரு குறை. வரப்புயர கேட்ட அதே கேள்வி! ஊர் தோற்றது; கல்லூரியில் எண்ணும் முறை செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு தலை எவ்வளவு பெறும் என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று. 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு நியூயார்க் மாநிலம் நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தை இழந்தது. பற்றாக்குறை 89 பேர். எண்பத்தொன்பது! விடுதியில் ஒரு தளத்தில் உறங்குகிறவர்களை விடக் குறைவு.

நுண்ணெண்:

89 உண்மைதான். ஆனால் அந்த 89 பேரும் மாணவர்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை, எதிர்வாதி. அளவு தெரியச் சொன்னீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பழைய கணக்கெடுப்பாளர்:

இதுவரை எல்லோரும் விதியைப் பேசினீர்கள். விதி தெரிந்த பிறகு எண்ணுவது எப்படி என்று நான் சொல்கிறேன். ஆசிரியர் வேலையில் இருந்தபோது கணக்கெடுப்புப் பணியும் பார்த்தவன். ஒருமுறை என் பகுதிக்குள் ஒரு கல்லூரி விடுதி வந்தது. ஊரும் பெயரும் வேண்டாம்.

எங்கள் கணக்கில் விடுதி என்பது "நிறுவனக் குடும்பம்". ஒரே சமையல், ஆனால் உறவு கிடையாது. சுலபம் என்று நினைத்துத்தான் போனேன். வீடு வீடாக ஏறி இறங்குவதற்குப் பதில் ஒரே கட்டடம், ஒரே பட்டியல். காப்பாளர் நல்லவர். சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் கொடுத்து, "இதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார், பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம்" என்றார். எழுதியிருந்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும்.

சந்தேகம் வந்தது சமையலறையில். தேநீர் கொடுத்த சமையல்காரரிடம் பேச்சுவாக்கில் "இரவு எத்தனை இலை?" என்று கேட்டேன். அவர் சொன்ன எண் பதிவேட்டைவிட நன்றாகக் குறைவு. சேர்க்கைப் பதிவேடு ஆண்டுத் தொடக்கத்தில் எழுதியது. படிப்பை நிறுத்தியவன், வெளியில் அறை எடுத்துக்கொண்டு போனவன், வேறு கல்லூரியில் இடம் கிடைத்துப் போனவன் எல்லோரும் அதில் இன்னும் குடியிருந்தார்கள். பெயரை அடிக்க யாருக்கும் நினைவில்லை. சரி, சாப்பாட்டுக் கணக்கை நம்பலாமா? அதுவும் முழுக்க ஆகாது. வெளியே சாப்பிட்டுவிட்டு வந்து படுக்கிறவர்கள் இருந்தார்கள். போதாக்குறைக்கு, பதிவேட்டிலும் இல்லாமல் சாப்பாட்டுக் கணக்கிலும் இல்லாமல் நண்பனின் அறையில் பாயை விரித்துக்கொண்டிருந்த நான்கு பேர். என்னைப் பார்த்ததும் அவர்கள் குளியலறைப் பக்கம் நழுவியதை நான் பார்த்தேன். காப்பாளருக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

இரண்டு மாலை அறை அறையாகப் போய்த்தான் முடித்தேன். அந்த நால்வரிடமும் படிக்கட்டில் வைத்துப் பேசினேன். "இந்தத் தாள் காப்பாளரிடம் போகாது, தம்பி" என்று சொன்ன பிறகுதான் பெயர் வந்தது. அவர்களில் ஒருவனுக்கு வேறு எங்கும் வீடே இல்லை. பட்டியலைப் பார்த்து எழுதியிருந்தால் அந்த ஆள் நாட்டிலேயே இல்லாதவன் ஆகியிருப்பான்.

இன்னொன்று. பட்டியலில் பெயரும் சேர்க்கை எண்ணும்தான் இருக்கும். தாய்மொழி, பிறந்த ஊர், எப்போது இங்கே வந்தான், ஏன் வந்தான் என்பதெல்லாம் காப்பாளருக்கு எப்படித் தெரியும்? அவரைக் கேட்டால் எல்லோருக்கும் ஒரே தாய்மொழியைச் சொல்லிவிடுவார். தலை எண்ணிக்கை சரியாக வந்து, தலைக்குள் இருப்பது எல்லாம் தப்பாகப் போகும்.

தூரதேசி:

சமையல்காரரிடம் கேட்டீர்களே, ஐயா, அதற்கு ஒரு வணக்கம். இதே தொல்லை கணினி வைத்து எண்ணுகிற இடத்திலும் இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரிகளே பட்டியலை மின்வழியில் அனுப்பலாம். ஆனால் மாணவர் ஆவணங்களைக் காக்க 1974இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. பெயர், முகவரி போன்ற அடிப்படை விவரங்களைத் தருவதற்கு அதில் வழி உண்டு. பால், இனம் போன்றவற்றை மாணவர் சம்மதமின்றித் தருவதில் தடை. ஆக அங்கேயும் தலை வரும், விவரம் வராது.

மேல்தளத்துக்காரன்:

மாணவன் பேசுகிறேன். விடுதியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். விடுதி கண்ணுக்குத் தெரியும் கட்டடம், வாசலில் பலகை உண்டு, காப்பாளர் உண்டு. எங்களை யார் எண்ணுவார்கள்?

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் வெளியில் வீடு எடுத்தோம். ஒப்பந்தத்தில் நான்கு பேர், உறங்குவது ஏழு பேர். இந்த வார்த்தையை வீட்டுக்காரர் படிக்காமல் இருக்கட்டும். கீழே அவர் குடும்பம், மேலே நாங்கள். கதவைத் தட்டி யாராவது "எத்தனை பேர்?" என்று கேட்டால் நான்கு என்போம். பகலில் வந்தால் பூட்டுத்தான் பதில் சொல்லும். கீழே விசாரித்தால் "மேலே பசங்க இருக்கிறார்கள்" என்பார்; பெயர் அவருக்கும் தெரியாது. எங்களில் வீட்டுத் தலைவர் யார் என்று படிவம் கேட்குமாமே? மின்கட்டணத்தை வசூலிக்கிறவனைப் போட்டுவிடலாமா?

போன முறை எங்கள் ஊரில் கணக்கெடுத்தபோது நான் சிறுவன். ஆனால் இந்த முறை என்ன நடக்கும் என்று இப்போதே சொல்கிறேன். என் அப்பா அங்கே என்னை எழுதிவிடுவார். இங்கே நான் எழுதப்படவே மாட்டேன். ஆகவே நாட்டின் கூட்டுத்தொகையில் நான் ஒன்றாகவே இருப்பேன், பிழை எங்கே இருக்கிறது?

நுண்ணெண்:

மேல்தளத்துக்காரரே, இந்த இழையின் சிறந்த கேள்வி உங்களுடையது. பிழை மறைந்துகொள்வது அங்கேதான்.

நீங்கள் அப்பா வீட்டில் ஒன்று, இங்கே பூஜ்யம். உங்கள் அறைத் தோழர் ஒருவர் இரண்டு இடத்திலும் எழுதப்படுகிறார், அவர் இரண்டு. ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள இன்னொருவரின் பெற்றோர் விதியைச் சரியாகப் படித்து "அவன் இங்கில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள், அவர் பூஜ்யம். மூன்று ஆள், மூன்று பதிவு. மேலிருந்து பார்த்தால் கணக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் உங்கள் தெருக் கணக்கில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். இரட்டைப் பதிவும் விடுபடலும் ஒன்றையொன்று மூடிக்கொள்வதால், மொத்த எண்ணைப் பார்த்துத் திருப்தி அடையும் எவருக்கும் இது தெரியவே வராது.

கணக்கெடுப்பு முடிந்ததும் மாதிரி வீடுகளில் மறுபடி எண்ணி ஒப்பிடும் சரிபார்ப்பு ஆய்வு இதற்காகத்தான். அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்புக்குப் பின் நடந்த ஆய்வில் 18 முதல் 29 வயது வரையுள்ள ஆண்களில் நிகர விடுபடல், அதாவது இரட்டைப் பதிவைக் கழித்த பிறகும் எஞ்சும் விடுபடல், 2.25 சதவீதம், அதே வயதுப் பெண்களில் 0.98 சதவீதம். அது வாடகை வீடு உட்பட வீடுகளில் இருப்பவர்களைப் பற்றியது. கல்லூரி விடுதிகள் அந்த ஆய்வின் வரம்பிலேயே இல்லை. அங்கே சரிபார்ப்பே கிடையாது. ஐயா சமையலறையில் கேட்ட கேள்விதான் மிச்சம்.

அந்த ஆண்டுதான் பெருந்தொற்றும் வந்தது. மார்ச்சில் விடுதிகள் காலி, கணக்கெடுப்பு நாள் ஏப்ரல் 1. தொற்று இல்லாதிருந்தால் எங்கே இருந்திருப்பார்களோ அங்கே எண்ணுங்கள் என்று அறிவித்தார்கள். விடுதி மாணவரைக் கல்லூரி ஆவணங்களை வைத்து ஓரளவு பிடித்துவிட்டார்கள். வாடகை வீட்டு மாணவரைப் பிடிக்க யாரிடம் ஆவணம் இருக்கிறது? படிவம் வந்த வீடு பூட்டியிருந்தது. பிள்ளை பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான், பெற்றோர் கையில் இன்னொரு படிவம். பிறகு வளாகத்துக்கு வெளியே தங்கும் மாணவர் பட்டியலையும் கல்லூரிகளிடம் கேட்டார்கள். விடுதி போன்ற கூட்டு இருப்பிடங்களின் எண்ணிக்கையை நகரங்கள் கேள்வி கேட்கத் தனியாக ஒரு மறுஆய்வு வழியையும் திறந்தார்கள். பாஸ்டன் தன் மாணவர்கள் குறைத்து எண்ணப்பட்டார்கள் என்று முறையிட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மார்ச் 21இல் எண்ணியபோது இதே நிலை. அங்கே படிவ அமைப்பிலேயே ஒரு நல்ல தடுப்பு இருந்தது. பெற்றோர் மாணவரின் பெயரை எழுதலாம். எழுதியதும் படிக்கும் காலத்து முகவரியைக் கேட்டுவிட்டு, மீதிக் கேள்விகளை நிறுத்திக்கொள்ளும். முழு விவரம் படிக்கும் ஊர்ப் படிவத்தில். பெற்றோரின் மனமும் நோகாது, கணக்கும் இரட்டிக்காது. வரப்புயரவைப் போன்ற அப்பாக்களை நினைத்து வடிவமைத்தது போலிருக்கிறது.

வரப்புயர:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு வாதாடியிருக்க மாட்டேனே! பெயரை எழுத விட்டால் போதும். "அவள் இங்கில்லை" என்று சொல்லச் சொல்வதுதான் தொண்டையில் நிற்கிறது.

எதிர்வாதி:

இவ்வளவு தலைவலி எதற்கு? ஆளுக்கொரு எண் கொடுத்துப் பதிவேடு வைத்திருக்கிற நாடுகளில் கதவையே தட்டுவதில்லை. டென்மார்க் 1981இலேயே முழுக்கப் பதிவேட்டை வைத்துக் கணக்கெடுத்தது. பட்டனைத் தட்டினால் வேலை முடிந்தது.

தூரதேசி:

முடியாது, எதிர்வாதி. பதிவேட்டில் முகவரியை மாற்ற வேண்டியது அதே இருபது வயதுப் பிள்ளைதானே? பின்லாந்தில் 1994 வாக்கில் சட்டம் மாறிய பிறகுதான் மாணவர்கள் படிக்கும் ஊரைத் தம் ஊராகப் பதிவுசெய்துகொள்ள முடிந்தது. அதற்கு முன் பதிவேடு சொன்ன ஊர் வேறு, பிள்ளை உறங்கிய ஊர் வேறு. ஜெர்மனியில் இன்னும் வேடிக்கை. முதன்மை இருப்பிடமாகப் பதிவுசெய்தால்தான் நகரத்துக்குக் கணக்கு. அதனால் சில நகரங்கள் இரண்டாம் இருப்பிடத்துக்கு வரி போடுகின்றன. சில, எங்கள் ஊரில் பதிவுசெய்தால் வரவேற்புப் பணம் என்று மாணவர்களுக்குக் கொடுக்கின்றன. பதிவேடும் மனிதன் எழுதுவதுதான். அவன் எழுதுவதற்கு ஒரு காரணம் வேண்டும்.

பழைய கணக்கெடுப்பாளர்:

பெயரை வைத்து இரட்டைப் பதிவைப் பிடிக்கலாம் என்பவர்களுக்கும் ஒரு சொல். அப்பா தலைப்பெழுத்தை முன்னால் போட்டுச் சொல்வார், கல்லூரிப் பட்டியலில் அதே அப்பா பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும், மாணவன் தன் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுவான். மூன்றும் ஒரே ஆள் என்று இயந்திரத்துக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

வரப்புயர இந்தியாவைப் பற்றிக் கேட்காமலே கேட்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் மக்களை எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. கணக்கு நேரம் மார்ச் 1 நள்ளிரவு 00:00 மணி. வழக்கமாக வசிக்கும் இடத்தில் அந்த இருபது நாளில் ஏதாவது ஒரு பகுதி இருந்தால் அங்கே எழுது. முழுக்க இல்லாவிட்டால் எங்கே கண்டாயோ அங்கே எழுது. இதுதான் எங்களுக்குச் சொன்னது. பிப்ரவரியில் கல்லூரி நடக்கும், விடுதி நிறைந்திருக்கும். வார இறுதிக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை வீட்டுக் கணக்கில் ஏறாது. அடுத்ததற்கும் பெரும்பாலான இடங்களுக்கு 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த முறை இணையத்தில் தாமே பதிவு செய்யவும் வழி வருகிறது. அப்பா இங்கே ஒரு பொத்தானை அழுத்த, மகள் அங்கே ஒரு பொத்தானை அழுத்த... எனக்கு அந்த நால்வரைத் துரத்திய படிக்கட்டே பரவாயில்லை என்று தோன்றுகிறது.

மேல்தளத்துக்காரன்:

ஐயா, படிக்கட்டில் அந்த நால்வரிடம் சொன்னீர்களே, தாள் காப்பாளரிடம் போகாது என்று. அது சமாதானமா, சட்டமா?

பழைய கணக்கெடுப்பாளர்:

சட்டம், தம்பி. 1948ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 15ஆம் பிரிவு. பதிவுகளை யாரும் பார்க்க உரிமையில்லை, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. உன் வீட்டுக்காரர் வந்து கேட்டாலும் கிடைக்காது. ஆகவே ஏழு என்றே சொல்.

நுண்ணெண்:

ஏழு என்று சொல்வதற்கு முன் ஒரு பக்கக் குறிப்பு, ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும். மாணவர்களைச் சரியாக எண்ணினாலும் வேறொரு இடத்தில் கணக்கு கோணும். அமெரிக்காவில் வறுமைக் கணக்கில் விடுதியில் இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை, வாடகை வீட்டில் இருப்பவர்களைச் சேர்க்கிறார்கள். மாணவனுக்கு வருமானம் ஏது? அப்பா அனுப்பும் பணம் வேறு வீட்டுக் கணக்கு. ஆகவே வாடகை மாணவர்கள் நிறைந்த பல்கலைக்கழக ஊர், காகிதத்தில் பரம ஏழையாகத் தெரியும். எண்ணுவதோடு நிற்காமல், யார் மாணவர் என்று குறித்து வைத்தால்தான் பிறகு பிரித்துப் பார்க்க முடியும்.

வரப்புயர:

தோற்றேன் என்று எழுத வந்தேன். நேற்றிரவு மகளிடம் பேசினேன். இங்கே நடந்ததை எல்லாம் சொல்லி, "உன்னை விடுதிக் கணக்கிலேயே விட்டுவிடுகிறேன், காப்பாளரிடம் உன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்" என்றேன். பெரிய மனத்தோடுதான் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்பா, சொல்ல வேண்டும் என்றே இருந்தேன். அடுத்த மாதம் விடுதியைக் காலி செய்கிறோம். நாங்கள் நான்கு பேர் வெளியில் வீடு பார்த்திருக்கிறோம்."

மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

பழைய கணக்கெடுப்பாளர்:

ஒப்பந்தத்தில் எத்தனை பேர் என்று கேட்டீர்களா?

மேல்தளத்துக்காரன்:

மேல்தளமா என்றும் கேளுங்கள்.